குண்டூசி முதலில், பட்டை பிறகு: காகிதக்கூழில் கோண்டுவானாவை ஒட்டிப் பார்த்த அனுபவம்

எங்கள் பள்ளியின் அறிவியல் அறைச் சுவரில், பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஒன்றாயிருந்து பிறகு பிரிந்த கோண்டுவானாப் பெருங்கண்டத்தின் படம் ஒன்று நெடுநாளாகத் தொங்குகிறது. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா ஆகியவை ஒன்றையொன்று ஒட்டி நிற்க, அவற்றின் குறுக்கே நான்கு வண்ணப் பட்டைகள் ஓடும். ஒவ்வொரு பட்டையும் ஒரு புதைபடிவம் கிடைக்கும் பரப்பு. சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அந்தப் படத்தின் முன் நின்று, "டீச்சர், கண்டத்த ஒட்டிட்டுப் பட்டை வரைஞ்சாங்களா, பட்டையப் பாத்துட்டுக் கண்டத்த ஒட்டுனாங்களா?" என்று கேட்டாள். வாயால் விடை சொல்லிவிடலாம். ஆனால் அவள் கேட்டது சான்று எது, முடிவு எது என்பதை. அந்தப் படத்தில் இரண்டும் ஒரே தூரிகையால் தீட்டப்பட்டிருந்தன.

ஆகவே வேறொரு வரிசையில் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். கண்டங்களைத் தனித்தனித் துண்டுகளாகச் செய்ய வேண்டும். புதைபடிவம் உண்மையிலேயே எடுக்கப்பட்ட இடங்களில், இன்றைய அட்சரேகை, தீர்க்கரேகைப்படி குண்டூசிகளைப் பதிக்க வேண்டும். அதன் பிறகுதான் துண்டுகளை நகர்த்திச் சேர்க்க வேண்டும். ஊசிகள் தாமாக வரிசை சேர்கின்றனவா இல்லையா என்பதைக் கண்ணால் காண வேண்டும். பட்டை வரைவது கடைசி வேலை. ஐப்பசியில் தொடங்கிய இது தை மாதத்தில்தான் முடிந்தது.

முதல் முயற்சி வீணாயிற்று என்றாலும் அதை எழுதத்தான் வேண்டும். சுவர் வரைபடத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்துத் தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா இரண்டின் கடற்கரையையும் படியெடுத்து, அட்டையில் வெட்டி, மேசையில் சேர்த்துப் பார்த்தோம். பிரேசிலின் கிழக்கு முனை கினி வளைகுடாவுக்குள் நுழைவதுபோல் தோன்றியது. ஆனால் அங்கே பொருத்தினால் தெற்கே இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விழுந்தது, தெற்கே நெருக்கினால் வடக்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. பிழை இரண்டு இடங்களில் இருந்தது. உருண்டையின் பரப்பைத் தட்டையாக விரித்த படத்திலிருந்து வெட்டியது முதற்பிழை. கடற்கரையையே கண்டத்தின் விளிம்பு என்று கொண்டது இரண்டாவது. இது பெரிய பிழை. கடல்மட்டம் ஏறினால் கரை உள்ளே வரும், இறங்கினால் வெளியே போகும். கண்டத்தின் பாறை கரையோடு முடிவதில்லை. ஆழமில்லாத கடலுக்கடியில் கண்டத்திட்டாக நீண்டு, பிறகுதான் சரிந்து ஆழ்கடல் தரையில் இறங்குகிறது. அர்ஜென்டினாவின் கிழக்கே இந்தத் திட்டு ஃபாக்லாந்துத் தீவுகளையும் தாண்டிச் செல்லும் அளவுக்கு அகலமானது.

1965-இல் புவி இயற்பியலாளர் எட்வர்டு புல்லார்டும் அவருடைய கூட்டாளிகளும் கணினியின் துணையோடு அட்லாண்டிக்கின் இரு கரைகளையும் பொருத்திப் பார்த்தபோது, கரைக்கோட்டை விட்டுவிட்டு, சரிவின் நடுவே ஓடும் 500 பாகம் ஆழக்கோட்டை எடுத்துக்கொண்டார்கள். இங்கே பாகம் (fathom) என்பது மாலுமிகளின் ஆழ அளவு. 500 பாகம் ஏறத்தாழ 900 மீட்டர். சராசரிப் பொருத்தப் பிழை ஒரு பாகைக்கும் குறைவாக இருந்தது. நாங்களும் அதே வழியில் போனோம். எங்களிடம் இருந்த கடலாழ வரைபடத்தில் 1,000 மீட்டர் கோடு இருந்ததால் அதை எடுத்துக்கொண்டோம்.

அடிப்படைக் கருவி 30 செ.மீ. விட்டமுள்ள பழைய உலக உருண்டை. பூமியின் விட்டம் 12,742 கி.மீ. என்பதால், உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் ஏறத்தாழ 425 கி.மீ. ஆகிறது, ஒரு பாகை 2.6 மி.மீ. இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையின் மூலையில் எழுதி வைத்தோம், வேலை முடியும்வரை அழிக்கவில்லை. கடலாழ வரைபடத்திலிருந்து ஆழக்கோட்டை ஐந்தைந்து பாகைக்கு ஒரு புள்ளியாகக் குறித்து, 13 மி.மீ. இடைவெளியில் கோடிட்ட காகிதப் பட்டியை உருண்டையின் மேல் வளைத்துவைத்துப் புள்ளிகளை மாற்றினோம். துருவத்தை நெருங்க நெருங்கத் தீர்க்கரேகைகள் கூடிப்போவதால் அண்டார்டிகாவுக்கு மட்டும் இரண்டு நாள் ஆயிற்று.

புள்ளிகளை இணைத்துக் கோடு வந்தபோது மாணவர்கள் முதலில் கண்டுகொண்டது இலங்கையை. பாக் நீரிணையின் ஆழம் மிகக் குறைவு. 1,000 மீட்டர் கோடு அந்த வழியாக வருவதே இல்லை, இலங்கையைச் சுற்றிக்கொண்டு வெளியே போகிறது. கடலாழ அளவில் இலங்கை இந்தியத் துண்டின் ஒரு பகுதிதான். அதைத் தனியாக வெட்ட நினைத்து ஒருவன் எடுத்த கட்டரைத் தானே கீழே வைத்தான்.

துண்டு செய்யும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். உருண்டையின் மேல் மெல்லிய பாலித்தீன் தாளை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் தேங்காய் எண்ணெய் தடவி, செய்தித்தாளைக் கிழித்த கீற்றுகளை மைதாப் பசையில் தோய்த்து எட்டு அடுக்கு ஒட்டினோம். பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் கலந்துகொண்டால் பூச்சி அரிக்காது. புத்தகம் கட்டுபவர்கள் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். மயில்துத்தம் நஞ்சு என்பதால் அந்த வேலையை நானே செய்தேன், மாணவர்களைக் கிண்டவிடவில்லை. எட்டு அடுக்கும் காய்ந்தபின் கனம் ஏறத்தாழ 4 மி.மீ. வந்தது.

இங்கேதான் அடைமழை கெடுத்தது. மூன்று நாள் ஆகியும் ஈரம் வற்றாததால், வெயில் எட்டிப்பார்த்த ஒரு நண்பகலில் ஆப்பிரிக்காவை உருண்டையிலிருந்து கழற்றி மாடியில் காயவைத்தேன். மாலையில் போய்ப் பார்த்தால் விளிம்பெல்லாம் அப்பளம்போல் மேலே சுருண்டிருந்தது. உருண்டையின் மேல் வைத்தால் நடுப்பகுதி மட்டும் பட்டது, ஓரங்கள் தூக்கி நின்றன. ஈரத்துணியில் ஓர் இரவு சுற்றிவைத்து இளக்கி, மீண்டும் உருண்டையின் மேல் வைத்து, கிழித்த பழைய வேட்டித் துணியால் இறுகக் கட்டி, மின்விசிறிக் காற்றில் ஐந்து நாள் விட்டபிறகுதான் வளைவு திரும்பியது. மற்றத் துண்டுகள் எதையும் காயும்வரை உருண்டையிலிருந்து எடுக்கவே இல்லை. பூமியின் வளைவு கெட்டால் இந்த வேலைக்குப் பொருளே கிடையாது.

வெட்டி, உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்து, தென் அமெரிக்காவை ஆப்பிரிக்காவோடு சேர்த்த அன்று வகுப்பில் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். உருண்டையின் மேல் அவற்றின் இன்றைய இடைவெளி, மிகக் குறுகிய இடத்தில், நூல் வைத்து அளந்தால் ஆறரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அதாவது ஏறத்தாழ 2,800 கி.மீ. அந்த இடைவெளியைக் கையால் மூடியபோது விளிம்புகள் நெடுந்தூரத்துக்கு ஒட்டின. ஓரிடத்தில் மட்டும் இடித்தது. "டீச்சர், நைஜீரியாகிட்ட துருத்திக்கிட்டு நிக்குது" என்றார்கள். அது நைஜர் ஆற்றின் கழிமுகம். இரு கண்டங்களும் பிரிந்து கடல் திறந்த பிறகு ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் அது. பிரிவதற்கு முன் இல்லாத நிலம். புல்லார்டின் பொருத்தத்திலும் அதே இடத்தில்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. காரணம் தெரிந்து தேய்ப்பது ஏமாற்று ஆகாது என்று சொல்லி, அந்தப் புடைப்பை உப்புத்தாளால் தேய்த்து நீக்கினோம். நீக்கிய இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடிட்டு, எதை எடுத்தோம் என்று எழுதியும் வைத்தோம்.

அண்டார்டிகா அப்படி எளிதில் இணங்கவில்லை. அதன் தீபகற்பம் தென் அமெரிக்காவின் வால்முனையோடும் ஃபாக்லாந்துத் திட்டோடும் மோதியது. மேற்கு அண்டார்டிகா ஒரே பாறைத்துண்டு அன்று, தனித்தனியே நகர்ந்த பல துண்டுகளின் சேர்க்கை என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டபின், அதை அறுத்துத் தனியே வைத்துவிட்டோம். கிழக்கு அண்டார்டிகா மட்டும் இந்தியா, ஆஸ்திரேலியா இரண்டோடும் நன்றாகப் பொருந்தியது.

இனி குண்டூசிகள். கட்டிங் பிளேயரால் தண்டை 3 மி.மீ. விட்டு நறுக்கி, நுனியில் ஃபெவிகால் தொட்டுத் துண்டில் குத்தினோம். துண்டுகள் அப்போது உருண்டையின் மேல் இன்றைய இடங்களில் ஒட்டப்பட்டிருந்தன. சேர்த்துவைத்த நிலையில் ஒரு ஊசிகூடக் குத்தக்கூடாது என்பது நாங்கள் வகுத்துக்கொண்ட விதி.

பச்சை ஊசி குளோசோப்டெரிஸ். 1828-இல் அடோல்ஃப் பிராங்னியார் பெயரிட்ட இந்தத் தாவரத்தின் பெயரிலேயே நாக்கு இருக்கிறது. இலை நாக்கு வடிவில் இருக்கும். இராணிகஞ்ச், ஜாரியா, தால்சேர் நிலக்கரி வயல்களிலிருந்து தென்னாப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா வரை ஊசி குத்திக்கொண்டே போனோம். அண்டார்டிகாவில் பியர்ட்மோர் பனியாற்றை ஒட்டிக் குத்திய ஊசியின் முன் நான் சற்று நேரம் நின்றேன். தென்துருவத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் பயணி ஸ்காட்டின் குழு, 1912 பிப்ரவரியில், உணவும் உடல்வலுவும் குறைந்துகொண்டே வந்த நிலையிலும் அங்கே நின்று பாறை சேகரித்தது. அந்த ஆண்டு நவம்பரில் அவர்களுடைய உடல்களைக் கண்டெடுத்தபோது ஏறத்தாழ 16 கிலோ பாறைகள் உடன் இருந்தன. அவற்றில் குளோசோப்டெரிஸ் இலைப்பதிவுகள் இருந்ததைப் பிறகு தொல்தாவர அறிஞர் சீவர்டு உறுதி செய்தார். இழுத்துச் சென்ற சுமையில் எதையெதையோ விட்டிருக்கலாம், அவர்கள் அதை விடவில்லை. பனி மூடிய அந்த நிலத்தில் காடு இருந்தது என்பதற்கு அந்தக் கல் சான்றாயிற்று. அங்கே கிடைக்கும் கல்மரங்களில் ஆண்டு வளையங்கள் தெளிவாகத் தெரிகின்றன. பருவம் மாறி மாறி வந்த நிலத்தில் வளர்ந்த மரங்கள் அவை.

நீல ஊசி மீசோசாரஸ், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள, ஊசிபோன்ற பற்களைக் கொண்ட நீர்வாழ் ஊர்வன. பிரேசில், உருகுவே, பராகுவே ஒரு பக்கம், தென்னாப்பிரிக்கா, நமீபியா மறுபக்கம், வேறெங்கும் இல்லை. மஞ்சள் ஊசி சைனோக்னாதஸ், நிலத்தில் வாழ்ந்த ஊனுண்ணி விலங்கு. அர்ஜென்டினாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் குத்தினோம். சிவப்பு ஊசி லிஸ்ட்ரோசாரஸ், இரண்டு கொம்புப் பற்களும் அலகுபோன்ற வாயும் கொண்ட பன்றியளவு விலங்கு. தென்னாப்பிரிக்காவின் காரூ, நம் தாமோதர் பள்ளத்தாக்கின் பாஞ்சேத் பாறைகள், அண்டார்டிகா மூன்றிலும் ஊசி விழுந்தது. அண்டார்டிகாவில் அது கிடைத்தது 1969-இல்தான். ஆல்ஃபிரட் வெகனர் கண்டப்பெயர்ச்சிக் கருத்தை முதலில் சொன்னது 1912-இல், நூலாக வெளியிட்டது 1915-இல்; அவர் 1930-இல் கிரீன்லாந்துப் பனியில் இறந்துபோனார். தன் கருத்துக்கு இப்படியொரு சான்று வந்ததை அவர் அறியவே இல்லை என்று சொன்னபோது வகுப்பு அமைதியாக இருந்தது.

லிஸ்ட்ரோசாரஸின் ஊசிகளில் இரண்டு எங்களுக்கு இடைஞ்சலாக வந்தன: ஒன்று சீனாவில், ஒன்று ரஷ்யாவில். சுவர்ப்படத்தில் அவை இல்லை. அவற்றைக் குத்தாமல் விட்டிருந்தால் படம் அழகாக இருந்திருக்கும். ஆனால் கிடைத்த இடத்தில் எல்லாம் ஊசி குத்துவது என்று சொல்லிவிட்டு, பிடிக்காத இடத்தை மட்டும் விட முடியாது; அதற்காகவே உருண்டையின் வடபாதியிலும் இரண்டு ஊசிகள் நின்றன. அந்த விலங்கு வாழ்ந்த 25 கோடி ஆண்டுகளுக்கு முந்திய காலத்தில் தெற்குக் கண்டங்கள் மட்டுமல்லாமல் வடக்குக் கண்டங்களும் சேர்ந்து பாஞ்சியா என்ற ஒரே பெருநிலமாக இருந்தன என்பதற்கு அந்த இரண்டு ஊசிகளே சான்று.

குளோசோப்டெரிஸ் இலையைக் கையில் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில் ஒரு வார்ப்பும் செய்தோம். முதலில் பழகுவதற்காகக் களிமண் பலகையில் மாவிலையை அழுத்தி எடுத்தோம். மாவிலையின் நடுநரம்பிலிருந்து பக்க நரம்புகள் வரிசையாக, எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிவாகப் பிரிந்து ஓரத்தை நோக்கி ஓடுகின்றன. குளோசோப்டெரிஸில் அப்படிப்பட்ட பக்க நரம்பு கிடையாது. நடுநரம்பிலிருந்து நுண்ணிய கோடுகள் வளைந்து வெளியேறி, பிரிந்து, மறுபடி ஒன்றோடொன்று கூடி, ஓரம்வரை வலைக்கண்களாக நிறைகின்றன. ஆகவே மாவிலை உதவாது. புத்தகப் படத்தைப் பார்த்துத் தையல் ஊசியால் களிமண்ணில் வலையைக் கீறினோம். பத்து சென்டிமீட்டர் இலைக்கு ஒரு மாணவன் இரண்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்தான். அப்படிக் கீறியவனுக்கு அந்த இலையை இனி எந்தக் கல்லில் கண்டாலும் அடையாளம் தெரியும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் முதல்முறை இறுகவே இல்லை. கடையில் வாங்கிய பொட்டலம் ஈரம் குடித்துக் கட்டிதட்டிப் போயிருந்தது. சலித்துப் பயன்படுத்தியும் ஒரு நாள் கழித்துத் தயிர்போல நின்றது. புதிய பொட்டலத்தில் இரண்டு பங்கு பிளாஸ்டருக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று, தண்ணீரில் பிளாஸ்டரைத் தூவி, ஊறவிட்டு, மெதுவாகக் கலக்கி ஊற்றினோம். பலகையைப் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே இருந்தால் குமிழிகள் மேலேறிவிடும். அரைமணியில் வார்ப்பு கையில் சூடாகத் தெரிந்தது. அந்தச் சூடு ஆறியபின் எடுத்தால் வலைக்கண் சிதையாமல் வருகிறது. தேயிலைச் சாற்றில் கரிப்பொடி கலந்து பூசியதும் நிலக்கரிக்கு நடுவே கிடைக்கும் களிப்பாறையின் நிறம் வந்தது. நெய்வேலிக் கரியிலும் இந்த இலை கிடைக்குமா என்று கேட்டார்கள். கிடைக்காது, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி குளோசோப்டெரிஸ் அழிந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து உண்டானது.

ஊசி குத்தும் வேலையில் நான் செய்த பிழை ஒன்றை மாணவர்கள்தான் திருத்தினார்கள். எங்கள் பெரம்பலூர் மாவட்டத்திலேயே காரைப் பக்கமும், அடுத்துள்ள அரியலூர்ப் பக்கமும் அம்மோனைட்டு என்ற அழிந்துபோன உயிரின் சுருள் ஓடுகள் கிடைக்கின்றன. நம் ஊர்ச் சான்று ஒன்று வேண்டும் என்ற ஆர்வத்தில் அங்கேயும் ஒரு பச்சை ஊசி குத்திவிட்டேன். "அது கடல்ல நீந்துறதுதானே டீச்சர், அது எப்படி நிலம் ஒட்டியிருந்ததுக்குச் சாட்சி?" என்றார்கள். சரியான கேள்வி. நீந்திப் போகும் உயிர் இரண்டு கரைகளில் கிடைப்பதில் வியப்பில்லை. காலமும் வேறு: குளோசோப்டெரிஸ் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது, அரியலூர்க் கடல் அதற்கு மிகவும் பிந்தியது. பச்சை ஊசியைப் பிடுங்கிவிட்டு வெள்ளை ஊசி குத்தினோம்.

ஆனால் அந்த வெள்ளை ஊசி வேறொன்றைச் சொல்கிறது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்டிகாவிலிருந்து விலகத் தொடங்கியபோது, பிளவின் ஓரத்தில் நிலம் இறங்கியது. அந்தப் பள்ளம்தான் காவிரிப் படுகை. அங்கே பிறகு கடல் ஏறி வந்தது. சாத்தனூரில் வேலிக்குள் கிடக்கும் 18 மீட்டருக்கும் நீளமான கல்மரம், 1940-இல் புவியியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் முதலில் விவரித்தது, அந்தக் கடற்படிவுக்குள் புதைந்த மரம்தான். பச்சை ஊசி நிலம் சேர்ந்திருந்ததைச் சொல்கிறது, வெள்ளை ஊசி பிரிந்ததைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே நிறத்தில் குத்தியிருந்தால் இரண்டும் தெரியாமல் போயிருக்கும்.

இலெமூரியா பற்றி யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன், கேட்டார்கள். 1864-இல் விலங்கியலாளர் ஃபிலிப் ஸ்கிளேட்டர், மடகாஸ்கரில் வாழும், குரங்குகளுக்கு உறவான இலெமூர் இனங்களை ஒத்தவை இந்தியாவிலும் காணப்படுவதை விளக்க, இடையில் ஒரு நிலம் இருந்து மூழ்கிப்போனதாகக் கருதினார். இலெமூரியா என்ற பெயர் அங்கிருந்து வந்தது. கண்டங்கள் நகரும் என்று அறியாத காலத்தில் அது நேர்மையான ஊகம். இன்று இந்தியத் துண்டை எடுத்து மடகாஸ்கரோடு ஒட்டினால், மூழ்கிய நிலம் ஒன்றுக்குத் தேவையே இல்லாமல் போகிறது. இரண்டும் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை ஒட்டியே இருந்தன. கண்டப் பாறை அடியிலுள்ள பாறையைவிட எடை குறைந்தது என்பதால் மிதக்கும், கல்போல் மூழ்காது. நம் இலக்கியம் சொல்லும் கடல்கோள் மனித நினைவின் காலத்துச் செய்தி. அதை இந்தக் கோடிக்கணக்கோடு கலக்க வேண்டாம் என்று சொன்னேன்.

எல்லா ஊசிகளும் நின்றபின், தை இரண்டாம் வாரத்தில், துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தெற்கே நகர்த்தினோம். தென் அமெரிக்காவை ஆப்பிரிக்காவோடு சேர்த்ததும் நீல ஊசிகள் ஒரே கொத்தாயின. மஞ்சளும் நெருங்கியது. இந்தியாவையும் அண்டார்டிகாவையும் கொண்டுவந்து சேர்த்தபோது, மூன்று கண்டங்களில் சிதறிக் கிடந்த சிவப்பு ஊசிகள் மூன்றும் ஒன்றை நோக்கி ஒன்று வந்தன. கிழிந்த செய்தித்தாளின் துண்டுகளை ஓரம் பார்த்துச் சேர்த்துவிட்டு, எழுத்து வரிகள் ஒன்றோடொன்று தொடர்கின்றனவா என்று சரிபார்ப்பதற்கு வெகனர் இதை ஒப்பிட்டார். ஓரம் பொருந்துவது தற்செயலாகலாம்; வரிகள் அத்தனையும் தொடர்வது தற்செயலாகாது. எங்கள் துண்டுகளே செய்தித்தாளால் ஆனவை என்பதால், வண்ணம் பூசாத அடிப்புறத்தைத் திருப்பிக் காட்டியே இதை விளக்க முடிந்தது.

பிறகு இந்தியாவைத் திரும்ப வடக்கே அனுப்பினோம். 8 கோடி ஆண்டுகளுக்கு முன் அது ஆசியாவிலிருந்து ஏறத்தாழ 6,400 கி.மீ. தெற்கே, ஆண்டுக்கு 9 செ.மீ. வேகத்தில் வந்துகொண்டிருந்தது. எங்கள் உருண்டையில் அந்தத் தொலைவு 15 செ.மீ.; ஒரு கோடி ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர். அளவுகோலை வைத்து இரண்டிரண்டு சென்டிமீட்டராக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு பென்சில் கோடு போட்டார்கள்.

கடைசியாகப் பட்டை வரைய வண்ணத்தைக் கரைத்தபோது, முதலில் கேள்வி கேட்ட அதே மாணவி தூரிகையை வாங்கவில்லை. ஊசிகள் இருக்கும் இடத்தில் மட்டும்தான் நமக்குத் தெரியும், நடுவில் இருப்பதை ஏன் தீட்ட வேண்டும் என்றாள். பட்டை வரையாமலே வைத்திருக்கிறோம். ஊசிகளுக்கு இடையே நூல் மட்டும் கட்டியிருக்கிறது. கண்டங்களைப் பிரிக்கும்போது நூலை அவிழ்த்துவிடலாம்.